கொலஸ்திரோலும் நமது அடுக்களையும்



குருதிப் பரிசோதனை முடிந்து, சோதனைச்சாலைச் சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. கொலஸ்திரோல் என்ற சொல்லுக்கு எதிரே, இருக்கவேண்டிய அளவிலும் கூடியதோர் எண் காணப்படுகின்றது. அன்று மாலையே வீட்டில் ஒரு சட்டம் பிறக்கின்றது. முட்டை இனி ஆகாது. இறாலும் கணவாயும் நண்டும் ஆகா. வீட்டுத் தலைவர் பத்தியம் காக்கத் தொடங்குகின்றார். ஆனால், காலையில் இடியப்பத்தோடு சொதி வழமைபோல் வருகின்றது. நண்பகலில் முதற்பால் விட்டு இறக்கிய கறிகள் இரண்டு வருகின்றன. மாலையிலே பால்மா கலந்த தேநீரும், கடையில் வாங்கிய வடையும் பற்றிசும் வருகின்றன. சில வாரங்கள் கழிந்து மறுபடியும் பரிசோதித்தால் எண் அசைந்திருப்பதில்லை. "முட்டையைக் கண்ணாலும் காணவில்லை, டொக்டர், பிறகேன் இது குறையவில்லை?" என்று அவர் கேட்கும்போது, அக்குரலில் உள்ள மனக்குறை நியாயமானதே.

அவருடைய கேள்விக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். விடை எளிது, ஆனால் அதை ஏற்றுக்கொள்வதுதான் நம்மவர்க்குச் சற்றுக் கடினம். ஏனெனில் அது தேங்காயைப் பற்றியது.

முதலில் இந்தக் கொலஸ்திரோல் என்பது யாதெனப் பார்ப்போம். இது அறிஞர் கண்ணிற் பட்டது குருதியிலன்று, பித்தக்கல்லில். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சில் பித்தக்கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் கிரேக்க மொழியிற் பித்தத்தையும் திண்மையையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். நஞ்சு போல நாம் அஞ்சும் இப்பொருள் உண்மையில் உடலுக்கு இன்றியமையாதது. உடலின் ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் அது உண்டு. பித்தநீரும், ஆண் பெண் ஓமோன்களும், வெயில் படும்போது தோலில் உண்டாகும் விற்றமின் 'டி'யும் அதிலிருந்தே ஆக்கப்படுகின்றன. இத்துணை வேண்டிய பொருளை உடல் நமது தட்டை நம்பி விட்டுவைக்கவில்லை. பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. ஈரல் அதில் முதன்மையான பங்கு ஏற்கின்றது.

ஆகவேதான், பிறந்த நாள் தொட்டு மச்சம் தொடாத சைவர் ஒருவரின் குருதியிலும் கொலஸ்திரோல் இருக்கின்றது. சிலவேளை மிகுந்தும் இருக்கின்றது. "நான் மரக்கறிதானே சாப்பிடுகிறேன்" என்று வியப்போர் பலர். மரக்கறியிலே கொலஸ்திரோல் இல்லை என்பது மெய்யே. தேங்காயிலும் இல்லை. தேங்காயெண்ணெய்ப் போத்தலிலே 'கொலஸ்திரோல் அற்றது' என்று அச்சிட்டிருந்தால் அதில் ஓரெழுத்தும் பொய்யில்லை. ஆனால் அந்த உண்மை நம்மைத் தவறான வழியில் அனுப்பிவிடுகின்றது. போத்தலில் என்ன இல்லை என்பதைவிட, அதில் உள்ளதைக்கொண்டு நமது ஈரல் என்ன செய்கின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

முட்டை எவ்வாறு முதற் குற்றவாளியாயிற்று என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1913 ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டு அறிஞர் அனிச்கோவ், தூய கொலஸ்திரோலை எண்ணெயிற் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். முயல்களின் நாடிகளிலே, மனிதரின் நாடிகளிற் காணப்படுவது போன்ற கொழுப்புப் படிவுகள் தோன்றின. குருதியில் மிகும் கொலஸ்திரோலே நாடிச் சுவரிற் சென்று படிகின்றது என்பதை முதன்முதல் தெளிவாகக் காட்டிய சோதனை அது. ஆயினும் முயல் புல்லுண்ணும் பிராணி. உணவில் வரும் கொலஸ்திரோலைச் சமாளிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. மனிதரோ, உணவில் அது கூடினால் ஈரலின் ஆக்கத்தைக் குறைத்து ஓரளவு ஈடுசெய்துகொள்கின்றனர். எல்லோரும் ஒரே அளவில் ஈடுசெய்வதில்லை என்பதும் உண்மை. இதனாலேயே அமெரிக்க உணவு வழிகாட்டியில் நெடுங்காலம் இருந்த 'நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படாத கொலஸ்திரோல்' என்ற எல்லை 2015 ஆம் ஆண்டுப் பதிப்பிலே கைவிடப்பட்டது. நாளுக்கு நான்கு முட்டை உண்ணலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டா. நீரிழிவுள்ளவர்களும், ஏற்கெனவே இதயநோய் கண்டவர்களும் மஞ்சட் கருவில் அளவோடு இருப்பது நன்று. ஆனால் வாரத்தில் சில முட்டைகளை நிறுத்திவிட்டு, பெரிய காரணத்தை அடுப்பிலேயே வைத்திருப்பதிற் பயனில்லை. இறாலும் அவ்வாறே. அதிற் கொலஸ்திரோல் உண்டு. கொழுப்போ மிகச் சிறிது. இறால் கறியில் நெஞ்சுக்குக் கேடு விளைப்பது பெரும்பாலும் இறாலன்று, அது மிதக்கும் பாலே.

அந்தப் பெரிய காரணத்தை நிரம்பிய கொழுப்பு என்பர். வெண்ணெய், நெய், ஆட்டிறைச்சியின் கொழுப்பு, முழுப்பால் ஆகியவற்றிலும், தாவரப் பொருள்களுள் தேங்காயிலும், முள்ளுத்தேங்காய் எண்ணெய் எனப்படும் பாம் எண்ணெயிலும் இது மிகுதி. இது செய்யும் வேலை என்ன? குருதியிலே கொலஸ்திரோல் தனியே மிதப்பதில்லை. புரதத்தோடு கூடிய சிறு துணிக்கைகளில் ஏற்றப்பட்டுச் செல்கின்றது. அவற்றுள் எல்.டி.எல். என்ற வகையே நாடிச் சுவரிற் படிந்து கேடு செய்வது. ஈரற் கலங்களின் மேல் இந்த எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்கள் உள. இவ்வாயில்களைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் இருவருக்கு 1985 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. நிரம்பிய கொழுப்பு மிகுந்தால் இவ்வாயில்களின் வேலை குன்றுகின்றது. உள்ளே செல்லவேண்டிய எல்.டி.எல். குருதியிலேயே தங்கிவிடுகின்றது. முட்டையை நிறுத்தியும் சொதியை நிறுத்தாதவரின் சீட்டில் எண் அசையாத காரணம் இதுவே.

இனித் தேங்காய்க்கு வருவோம். நூறு கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு உண்டு. அதில் 30 கிராம் வரை நிரம்பிய கொழுப்பு. தேங்காயெண்ணெயிற் பத்திலே ஒன்பது பங்கு அளவு அதுவே. நல்லெண்ணெயில் ஏழிலொரு பங்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிரம்பிய கொழுப்பு ஏறத்தாழ 22 கிராமுக்கு மேற்படலாகாது. பாலாகவும் சம்பலாகவும் எண்ணெயாகவும் ஒரு நாளில் நமக்குள் எவ்வளவு தேங்காய் செல்கின்றதென்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தாற் போதும். அத்தோடு பால்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பு நீக்காத பால்மாவில் நாலிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் கொழுப்பு உண்டு. அதிற் பெரும்பகுதி நிரம்பியது. ஒரு கோப்பைக்கு 15 கிராம் பால்மா எனக் கொண்டால், நாளுக்கு மூன்று கோப்பைத் தேநீரில் அந்த 22 கிராமின் மூன்றிலொரு பங்கு முடிந்துவிடுகின்றது. வெறுந்தேநீரை ஏழையின் பானமென்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இந்த ஒன்றில் ஏழை பிழைத்துக்கொண்டான் எனலாம்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழும். "எங்கள் பாட்டனார் தேங்காய்ப்பாலிலேயே வளர்ந்து தொண்ணூறு வயது வரை இருந்தார்" என்பர். சிறிது படித்தவர்கள் பசுபிக் தீவுகளையும் எடுத்துக்காட்டுவர். அந்த எடுத்துக்காட்டு நல்லதே. ஆனால் அதை முழுவதும் எடுத்துக்காட்டவேண்டும். தொக்கெலாவு என்னும் பவளத் தீவுகளின் மக்கள் தாம் உண்ட சக்தியின் பாதிக்கு மேற்பட்டதைத் தேங்காயிலிருந்தே பெற்றனர். 1981 இல் வெளிவந்த ஆய்வின்படி, அவர்களிடையே இதயநோய் அரிதாகவே இருந்தது. ஆனால், அவர்களிலும் குறைந்த தேங்காய் உண்ட புக்கபுக்கா தீவினரைவிட அவர்களின் கொலஸ்திரோல் மிகுந்தே இருந்தது. தேங்காய் தன் வேலையை அங்கும் செய்தது. மற்றும், அவர்களின் உணவிற் தேங்காயோடு இருந்தவை மீனும் ஈரப்பலாவும் கிழங்குமே. சீனியும் மாவும் மிகக் குறைவு. அவர்களுட் சிலர் நியூசிலாந்திற் குடியேறிய பின் தேங்காயைக் குறைத்து, இறைச்சியையும் பாணையும் சீனியையும் கூட்டினர். அவர்களின் குருதிக் கொழுப்பு நிலை முன்னிலும் கெட்டது. நமது பாட்டனாரும் வயலுக்கு நடந்து சென்று, குரக்கனும் ஒடியலும் உண்டு, கடைப் பலகாரத்தை விழா நாளிலே மட்டும் கண்டவர். அவருடைய சொதியை நாம் வைத்துக்கொண்டோம். மற்றவற்றை விட்டுவிட்டோம்.

தேங்காயெண்ணெய் நல்ல கொலஸ்திரோலாகிய எச்.டி.எல்.ஐயும் கூட்டுகின்றதே என்ற வாதமும் உண்டு. கூட்டுகின்றது, உண்மை. ஆனால் பல பரிசோதனைகளைத் தொகுத்து 2020 இல் வெளியான ஆய்வு, ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.ஐ ஒரு டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் உயர்த்துகின்றதெனக் காட்டிற்று. எச்.டி.எல்.ஐ மருந்தால் உயர்த்திப் பார்த்த முயற்சிகள் மாரடைப்பைக் குறைக்கவில்லை. எல்.டி.எல்.ஐக் குறைத்த முயற்சிகளோ குறைத்தன. எனவே, ஒன்றின் சிறு நன்மையைக் காட்டி மற்றதன் தீமையை மறைப்பது சரியான கணக்கன்று.

தேங்காயை நாட்டைவிட்டுத் துரத்தவேண்டுமென்று யான் கூறவில்லை. கூறினாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. தேங்காய் விலை ஏறும் காலங்களில் நமது பெண்மணிகள் ஒரு தேங்காயை இரண்டு நாளுக்கு ஓட்டும் திறமையைக் காட்டுகின்றனர். அந்தத் திறமையை விலை இறங்கிய பின்னும் விட்டுவிடாதிருத்தலே யான் வேண்டுவது. பாலின் கொழுப்பிற் பெரும்பகுதி முதற்பாலிலேயே இறங்கிவிடும். சொதியை இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் வைத்து, புளியையும் பச்சைமிளகாயையும் கறிவேப்பிலையையும் சற்றுக் கூட்டினால் நாக்குச் சில வாரங்களிற் பழகிவிடும். ஒரு வேளையில் ஒரு கறிக்கு மட்டும் பால் விடலாம். மற்றவற்றைப் புளிக்குழம்பாகவோ வறையாகவோ ஆக்கலாம். சம்பலிலே, பிழிந்த பாலில் இல்லாத நாரும் சேர்ந்து வருகின்றது. எனினும் அதுவும் தேங்காயே, அளவு வேண்டும். தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெயைச் சிறிதளவு பயன்படுத்துவது நமது பழைய வழக்கந்தானே. பால் விடாமலே சுவை தரும் உணவு நம்மிடம் இல்லையென்று யார் சொல்லமுடியும்? ஒடியற் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடியல் மா, மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய். அதில் ஒரு துளி தேங்காய்ப்பால் இல்லை, யாரும் அதைத் தேடுவதுமில்லை.

ஒன்றைக் குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பது அதனினும் முக்கியம். சொதியைக் குறைத்துவிட்டு வெள்ளைச் சோற்றையும் பாணையும் சீனியையும் கூட்டினால் ஒரு கையால் வாங்கியதை மறு கையால் இழந்ததாகும். நீரிழிவு மலிந்த நம்மவர்க்கு இது மேலும் ஆபத்து. வைக்கவேண்டியவை பருப்பும் பயறும் கடலையும் கௌபியும் காய்களுமே. இவற்றில் நீரிற் கரையும் நார்ப்பொருள் உண்டு. ஈரல் கொலஸ்திரோலைக்கொண்டு பித்தநீரை ஆக்கிக் குடலுக்கு அனுப்புகின்றது. குடல் அதை மறுபடியும் உறிஞ்சி ஈரலுக்கே திருப்புகின்றது. இந்த நார் குழைந்து கூழாகி அப்பித்தத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடும். இழந்த பித்தத்தை மீண்டும் ஆக்க ஈரல் குருதியிலுள்ள கொலஸ்திரோலை எடுத்துக்கொள்கின்றது. வெண்டிக்காயைச் சமைக்கும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பு இத்தகைய நாரே. வெந்தயம் ஊறும்போது கண்ட பசையும் அதுவே.

வெண்டிக்காயை நகைக்கவேண்டா. கனடாவிலே தொறன்ரோ நகரத்து அறிஞர் ஜென்கின்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் ஓர் உணவுத் தொகுப்பை வகுத்தபோது, ஓட்ஸ், பார்லி, சோயா, வாதுமைப் பருப்பு, தாவர ஸ்ரெரோல் ஆகியவற்றோடு வெண்டிக்காயையும் கத்தரிக்காயையும் சேர்த்தனர். 2003 இல் வெளியான அவர்களின் சோதனையில், ஒரு மாதம் இவ்வுணவை உண்டோரின் எல்.டி.எல். நூற்றுக்கு 29 அளவு குறைந்தது. மாத்திரை எடுத்தோருக்கு நூற்றுக்கு 31 குறைந்தது. மாத்திரையோடு ஏறக்குறைய ஈடுகொடுத்த உணவு! ஆனால் அச்சோதனையில் உணவை ஆய்வாளரே கொடுத்தனர். 2011 இல், மக்களுக்கு ஆலோசனை மட்டும் கூறி, வீட்டிலே சமைத்து உண்ணச் செய்து பார்த்தபோது ஆறு மாத முடிவிற் குறைந்தது நூற்றுக்கு 13 அளவே. உணவின் வலிமை முதலெண்ணில் தெரிகின்றது. வீட்டின் இயல்பு இரண்டாவது எண்ணில் தெரிகின்றது. நாளுக்கு ஒரு வேளை, அவித்த பருப்பு வகை 130 கிராம் அளவு உண்டாலே எல்.டி.எல். நூற்றுக்கு 5 அளவு குறையும் என்று 2014 இல் வேறொரு கனடியத் தொகுப்பாய்வு காட்டியது. ஒரு சுண்டல் கடலையின் அளவுதான் அது. கத்தரிக்காய் விடயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: அதை எண்ணெயிலே பொரித்துப் பின் பாலில் இட்டால், கத்தரிக்காய் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்ட எண்ணெய்தான் கறியாகும்.

இனி வீட்டுத் தலைவரின் தனித் தட்டைப் பற்றி ஒரு சொல். மற்றவர்க்கு ஒரு சமையலும் அவருக்கு ஒரு சமையலுமாக வீடு இரண்டுபட்டால், அது இரண்டு மாதத்துக்கு மேல் நிலைப்பதை யான் அதிகம் கண்டதில்லை. சமைப்பவர் களைத்துவிடுகின்றார், உண்பவர் தம்மை நோயாளி என எண்ணிச் சலிக்கின்றார். பின்லாந்தின் கிழக்கிலே வட கரேலியா என்றொரு மாகாணம் உண்டு. பால்வளம் மிக்க, காடு சூழ்ந்த நாடு. 1960களில் அங்கே நடு வயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்த அளவு, உலகில் அறியப்பட்டவற்றுள் மிகக் கூடிய அளவுகளுள் ஒன்றாக இருந்தது. மக்கள் தாமே அரசிடம் உதவி கோரி மனுச் செய்தனர். 1972 இல் வேலை தொடங்கிற்று. புஸ்கா என்னும் இளம் வைத்தியர் அதனை நடத்தினார். தனி நோயாளரைப் பிடித்துப் பத்தியம் கூறுவதோடு அவர் நிற்கவில்லை. கிராமங்களின் மாதர் சங்கத்தாரிடம் சென்றார். அப்பெண்மணிகள் ஊராரைக் கூட்டி, தங்கள் பழைய இறைச்சிக் கறியிலே கொழுப்பையும் உப்பையும் குறைத்துக் காய்களைச் சேர்த்துச் சமைத்துப் பரிமாறினர். கொலஸ்திரோலைக் குறைப்பதிற் கிராமத்துக்குக் கிராமம் போட்டி நடந்தது. பாணுக்கு வெண்ணெய் பூசும் வழக்கம் தேய்ந்தது. பாற்பண்ணையாளர் சினந்தனர், பின்னர் அவர்களுக்குச் சிறுபழச் செய்கைக்கு ஊக்கமளிக்கப்பட்டது. நாற்பதாண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்திரோல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது. உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் நூற்றுக்கு 80 இலும் கூடுதலாகக் குறைந்தது. புகைத்தல் குறைந்ததும் குருதியமுக்கம் தணிந்ததும் இதிற் பங்குடையன. ஆயினும் பெரும்பங்கு அடுக்களையினது என்பதே ஆய்வாளர் முடிவு. நமது வைத்தியசாலைகளிலும் பல ஆண்டுகளாக மரணத்துக்கு முதற் காரணமாயிருப்பது இதயநாடி நோயே.

உணவால் ஆகாதவையும் உண்டு. 300 பேரில் ஒருவரளவில், முன்கூறிய வாயில்கள் பிறப்பிலேயே பழுதுற்றவராய் உள்ளனர். அவர்களின் எல்.டி.எல். இளமையிலேயே 190ஐத் தாண்டி நிற்கும். எவ்வளவு வெண்டிக்காய் உண்டாலும் அது போதாது. குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்பு வந்தவர் இருப்பின், பிள்ளைகளையும் பரிசோதிப்பது கடமை. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கும், நீரிழிவு உள்ளோர் பலருக்கும் மாத்திரை தேவை. "உணவை மாற்றிவிட்டேன், இனி எதற்கு?" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர் செய்வது பெருந் தவறு, சிலர் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கின்றனர். எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறையுந்தோறும் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஐந்திலொரு பங்கு குறைகின்றன என்பது மருந்துச் சோதனைகளில் உறுதிப்பட்ட கணக்கு. அந்த 39இல் எவ்வளவை உணவு தரும், எவ்வளவை மருந்து தரவேண்டும் என்பதை உங்கள் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

உணவை மாற்றி ஒரு வாரத்தில் பரிசோதனைக்கு ஓடவேண்டா. ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பொறுத்துச் செய்வதே பயன் தரும். அதன்பின் வைத்தியரிடம் செல்லும்போது, சீட்டோடு வேறொரு கணக்கையும் கொண்டு செல்லுங்கள்: ஒரு வாரத்தில் வீட்டில் எத்தனை தேங்காய் உடைந்தது, எத்தனை போத்தல் எண்ணெய் முடிந்தது, எத்தனை வேளை பருப்போ பயறோ அடுப்பேறியது. கூடுமானால் அக்கணக்கை அறிந்தவராகிய, வீட்டிலே சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரின் கேள்விகளிற் பாதிக்கு விடை சொல்லக்கூடியவர் அவரே.